லண்டனில் கவுன்சில் பார்க்கிங் டிக்கெட்டை எதிர்த்து முறையிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில், கடைத்தெரு, கல்யாண மண்டபம் என்று எங்கே நம்மவர்களைச் சந்தித்தாலும் யாராவது ஒருவர் கையில் பார்க்கிங் டிக்கெட்டோடு நிற்கிறார். "ஆங்கிலத்தில் எழுதிச் சண்டை போட யாரால் முடியும்? கட்டித் தொலைத்துவிடுவோம்" என்கிறார். தவறே செய்யாதவர் பணம் கட்டுவதைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை. அதனால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். இது லண்டன் பரோ கவுன்சில்கள், அதாவது அந்தந்தப் பகுதியின் உள்ளாட்சிகள், கொடுக்கும் டிக்கெட்டைப் பற்றியது. இங்கிலாந்தின் மற்ற ஊர்களிலும் நடைமுறை பெரும்பாலும் இதேதான். வேறுபடும் இடங்களைச் சொல்லியிருக்கிறேன். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் இது பொருந்தாது.

கார்க் கண்ணாடியில் டிக்கெட் ஒட்டியிருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

காரை எடுக்காதீர்கள். போனை எடுங்கள். கார் நிற்கும் நிலையில் நான்கு பக்கமும் படம் பிடியுங்கள். சக்கரம் எந்தக் கோட்டில் இருக்கிறது, கோடு அழிந்திருக்கிறதா, பக்கத்துக் கம்பத்தில் இருக்கும் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது, தகட்டை மரக்கிளை மறைக்கிறதா எல்லாம் தெரிய வேண்டும். தகட்டை அருகில் ஒரு படம், காரும் தகடும் ஒன்றாகத் தெரியும்படி தள்ளி நின்று இன்னொரு படம். இந்த இரண்டாவது படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், தகடு உங்கள் காருக்கு உரியது என்பதையே காட்ட முடியாது.

பர்மிட், புளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அட்டை), கட்டணச் சீட்டு எதுவாக இருந்தாலும் அது டாஷ்போர்டில் இருக்கும் நிலையிலேயே கண்ணாடி வழியாகப் படம் எடுங்கள். போன் ஆப்பில் பணம் கட்டியிருந்தால் ரசீதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். டிக்கெட் எழுதிய வார்டன் இன்னும் அங்கே நின்றால் அவரிடம் வாக்குவாதம் வேண்டாம். டிக்கெட்டைக் கொடுத்த பிறகு ரத்து செய்வது அவர் கையில் இல்லை.

இது கவுன்சில் டிக்கெட்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

யார் கொடுத்தது என்று பாருங்கள். கவுன்சில் அல்லது டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் கொடுத்தால் அதன் பெயர் பெனால்டி சார்ஜ் நோட்டீஸ். சூப்பர்மார்க்கெட், மருத்துவமனை, அடுக்குமாடிக் குடியிருப்பு போன்ற இடங்களில் தனியார் நிறுவனம் கொடுப்பது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். இரண்டையும் பி.சி.என். என்றே சுருக்கி எழுதுகிறார்கள்; உறையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தனியார் டிக்கெட்டுக்கு வழி வேறு: முதலில் அந்த நிறுவனத்திடம் முறையிட வேண்டும், பிறகு அது எந்தச் சங்கத்தில் உறுப்பினரோ அதைப் பொறுத்து பாப்லா அல்லது ஐ.ஏ.எஸ். என்ற அமைப்பிடம் போக வேண்டும். இனி வருவதெல்லாம் கவுன்சில் டிக்கெட்டுக்கு மட்டும்.

எவ்வளவு கட்ட வேண்டும்? எத்தனை நாள் அவகாசம்?

லண்டனில் 2025 ஏப்ரல் முதல் மிக அதிகமான தொகை 160 பவுண்டு. இடத்தையும் தவறின் தன்மையையும் பொறுத்து இது குறையும். லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் பெரும்பாலும் 70 அல்லது 50 பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் பாதித்தொகை போதும். டிக்கெட் கொடுத்த நாளே முதல் நாளாகக் கணக்கில் வரும் என்பதை மறக்காதீர்கள். அடுத்த நாளிலிருந்து எண்ணி ஒரு நாள் பிந்தியவர்கள் பலர்.

பாதித்தொகையைக் கட்டிவிட்டு, அப்புறம் எதிர்த்து எழுதலாமா?

கூடாது. கட்டினால் வழக்கு முடிந்தது. கட்டுவதா, எதிர்ப்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. முதல் 14 நாளுக்குள் நீங்கள் மறுத்து எழுதி, கவுன்சில் அதை நிராகரித்தாலும், பெரும்பாலான கவுன்சில்கள் பாதித்தொகையைக் கட்ட மறுபடியும் 14 நாள் தருகின்றன. அப்படித் தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே பதில் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நியாயமான காரணம் இருந்தால் இந்த முதல் கட்டத்தில் எழுதிப் பார்ப்பதில் பெரிய இழப்பில்லை என்பது என் கருத்து. 15-ஆம் நாள் எழுதுகிறவருக்குத்தான் இந்த வாய்ப்பு நழுவுகிறது.

எந்தக் காரணங்கள் எடுபடும்?

முதலாவது, சொல்லப்பட்ட தவறே நடக்கவில்லை என்பது. டிக்கெட்டில் ஓர் எண் இருக்கும். 01 என்றால் தடை நேரத்தில் மஞ்சள் கோட்டில் நிறுத்தியது, 05 என்றால் கட்டிய நேரம் முடிந்த பிறகும் நின்றது, 12 என்றால் குடியிருப்பாளர் இடத்தில் பர்மிட் இல்லாமல் நின்றது, 40 என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான இடம். உங்கள் பதில் அந்த எண்ணுக்கான பதிலாக இருக்க வேண்டும். பர்மிட் இல்லை என்று கவுன்சில் சொல்லும்போது, "நான் ஐந்து நிமிடம்தான் நின்றேன்" என்று எழுதுவதில் பயனில்லை. அவர்கள் நேரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லையே.

அடுத்தது, அடையாளங்கள் சரியில்லை என்பது. ஒற்றை மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் தடை நேரம் எழுதிய தகடு இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தெரு கட்டுப்படுத்தப்பட்ட பார்க்கிங் மண்டலத்துக்குள் இருந்தால், மண்டலத்தின் நுழைவாயிலில் இருக்கும் பெரிய பலகையே போதும். ஒவ்வொரு கோட்டுக்கும் தகடு தேவையில்லை. "தகடே இல்லை" என்று எழுதும் முன் தெருமுனை வரை நடந்துபோய் இதைப் பார்த்துவிடுங்கள். வெம்பிளி ஸ்டேடியம் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், ஆட்டமோ கச்சேரியோ நடக்கும் நாள்களுக்கு அங்கே தனி விதிகள் உண்டு. இரட்டை மஞ்சள் கோட்டுக்குத் தகடு தேவையில்லை. அது எல்லா நேரமும் தடை.

பணம் கட்டியும் டிக்கெட் வந்திருந்தால் ரசீதை அனுப்புங்கள். ஆப்பில் வண்டி எண்ணைத் தட்டும்போது 'ஓ' என்ற எழுத்துக்குப் பதில் பூஜ்யம் விழுவது, பழைய காரின் எண்ணிலேயே பணம் கட்டிவிடுவது, பக்கத்துத் தெருவின் இடக்குறியீட்டைப் போட்டுவிடுவது எல்லாம் அடிக்கடி நடக்கின்றன. இவற்றில் சட்டப்படி உங்கள் பக்கம் அவ்வளவு பலமில்லை. ஆனால் பணம் கவுன்சிலுக்குப் போயிருக்கிறது என்பதை ரசீதோடு காட்டினால், முதல் தடவை என்று மன்னித்துப் பல நேரம் ரத்து செய்கிறார்கள்.

காரை ஏற்கெனவே விற்றுவிட்டீர்கள், கார் திருடுபோயிருந்தது, கேட்ட தொகை சட்டம் அனுமதிப்பதைவிட அதிகம், கவுன்சில் நடைமுறையில் தவறியது போன்றவையும் சட்டத்திலேயே சொல்லப்பட்ட காரணங்கள். கடைசியாகச் சொன்னதை லேசாக எண்ண வேண்டாம். டிக்கெட்டில் வண்டி எண், தேதி, நேரம், தவறின் விவரம், தொகை, அவகாசம் எல்லாம் சரியாக இருந்தே ஆக வேண்டும்.

இவை எதிலும் அடங்காத கட்டாயச் சூழ்நிலையும் உண்டு. வழியில் கார் நின்றுபோனது, உடனிருந்தவருக்கு மருத்துவ அவசரம், குடும்பத்தில் மரணம் போன்றவை. இவற்றைக் கவுன்சில் பரிசீலித்தே ஆக வேண்டும். மெக்கானிக் வந்த பதிவு, மருத்துவமனைச் சீட்டு என்று ஏதாவது ஒரு தாளை இணையுங்கள்.

எவை எடுபடாது?

"எல்லோரும் அங்கே நிறுத்துகிறார்கள்", "தகட்டைப் பார்க்கவில்லை", "வேறு இடம் கிடைக்கவில்லை", "வார்டன் ஒளிந்திருந்து எழுதினார்". இவற்றை எழுதினால், மற்றபடி நல்ல கடிதமும் பலவீனமாகிவிடும்.

10 நிமிடச் சலுகை என்கிறார்களே, அது எல்லா இடத்துக்கும் உண்டா?

இல்லை. முறைப்படி நிறுத்த அனுமதி உள்ள இடத்தில், கட்டிய நேரமோ இலவச நேரமோ முடிந்த பிறகு 10 நிமிடம் வரை டிக்கெட் கொடுக்கக் கூடாது என்பது விதி. மாலை 4:00 மணி வரை கட்டியிருந்து 4:08-க்கு டிக்கெட் எழுதியிருந்தால் அது செல்லாது. மஞ்சள் கோட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. பர்மிட் இல்லாமல் குடியிருப்பாளர் இடத்தில் நின்றாலும் கிடையாது.

அம்மாவை இறக்கிவிட மஞ்சள் கோட்டில் ஒரு நிமிடம் நிறுத்தினேன். அதற்கும் டிக்கெட்டா?

ஆட்களை ஏற்றி இறக்க மஞ்சள் கோட்டில் நிறுத்தலாம், இரட்டைக் கோடாக இருந்தாலும்கூட. அதற்கு எவ்வளவு நேரம் அவசியமோ அவ்வளவு நேரம். வயதானவரையோ கைக்குழந்தையையோ வாசல் வரை கொண்டுபோய் விட வேண்டியிருந்தால் அந்த நேரத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்லி வாதிடலாம். அம்மாவின் வயது, நடக்க முடியாத நிலை, எந்தக் கதவு எண், எத்தனை படி என்று விவரமாக எழுதுங்கள். சிவப்புக் கோடு, பஸ் நிறுத்தம், பள்ளிக்கூட வாசலின் வளைகோடு ஆகியவற்றுக்கு விதி வேறு, கடுமையானது.

சாமான் ஏற்றி இறக்குவதும் மஞ்சள் கோட்டில் அனுமதிக்கப்பட்டதே. ஆனால் நடைபாதை விளிம்புக் கல்லில் குறுக்கே மஞ்சள் குறிகள் தீட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் சாமான் ஏற்றவும் தடை. ஒற்றைக் குறி என்றால் தகட்டில் உள்ள நேரத்தில், இரட்டைக் குறி என்றால் எப்போதும். ஒரு மூட்டை அரிசியைத் தூக்கி வைப்பது ஏற்றுவது. கடைக்குள் போய்ப் பொறுக்கி வாங்கிக்கொண்டு வருவது பார்க்கிங்.

அம்மாவிடம் புளூ பேட்ஜ் இருக்கிறது. அதை வைத்து எங்கும் நிறுத்தலாமா?

இங்கிலாந்தில் மஞ்சள் கோட்டில் 3 மணி நேரம் வரை நிறுத்தலாம், சாமான் ஏற்றும் தடை இல்லாத இடத்தில். பேட்ஜோடு நேரம் காட்டும் அட்டையையும் வந்த நேரத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும். மத்திய லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர், சிட்டி ஆஃப் லண்டன், கென்சிங்டன் அண்ட் செல்சீ, கேம்டனின் ஒரு பகுதி ஆகிய இடங்களில் இந்தச் சலுகை முழுமையாகக் கிடையாது. பேட்ஜ் அம்மாவின் பயணத்துக்கு மட்டுமே. அவர் வீட்டில் இருக்கும்போது மகன் கடைக்கு எடுத்துப்போனால், டிக்கெட்டோடு நிற்காமல் நீதிமன்றம் வரை போகலாம்.

வீட்டுக்கு முன்னால் ஒரு சக்கரம் மட்டும் நடைபாதையில் இருந்தது. அங்கே எந்தப் பலகையும் இல்லையே?

லண்டனில் பலகை தேவையில்லை. 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி நகரம் முழுவதும் நடைபாதையில் நிறுத்தத் தடை. எங்கே நிறுத்தலாமோ அங்கேதான் பலகை வைத்திருப்பார்கள். ஒரு சக்கரம் ஏறியிருந்தாலும் டிக்கெட் செல்லும். வெளியூரிலிருந்து லண்டனுக்குக் குடிவந்தவர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

மறுப்புக் கடிதத்தை எப்படி எழுதுவது?

முதலில் கவுன்சில் இணையதளத்தில் டிக்கெட் எண்ணையும் வண்டி எண்ணையும் கொடுத்து வார்டன் எடுத்த படங்களைப் பாருங்கள். இதைச் செய்யாமல் எழுதவே கூடாது. நமக்குச் சாதகமான ஆதாரம் பல நேரம் அங்கேயே கிடக்கும். எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் காரில் விருந்தினர் பர்மிட் கதவைச் சாத்திய வேகத்தில் சரிந்து, கண்ணாடிக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே விழுந்துவிட்டது. பர்மிட் வைக்கவே இல்லை என்று டிக்கெட். வார்டனின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அதன் ஒரு மூலை, சுரண்டிய தேதியோடு, தெரிந்தது. அந்தப் படத்தில் வட்டம் போட்டு, பர்மிட்டின் முழுப் படத்தையும் சேர்த்து அனுப்பினோம். கவுன்சில் ரத்து செய்துவிட்டது.

கடிதம் அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் வரியிலேயே டிக்கெட் எண், வண்டி எண், "இந்தக் காரணத்தால் இந்தத் தவறு நடக்கவில்லை" என்ற ஒரு வாக்கியம். பிறகு நடந்ததை நேர வரிசையில் எழுதுங்கள்: "மாலை 5:40-க்கு நிறுத்தினேன். 5:43-க்கு ஆப்பில் 6:30 வரை பணம் கட்டினேன். 6:10-க்கு டிக்கெட் எழுதப்பட்டிருக்கிறது." இப்படி. அதன் பின் இணைப்புகளுக்கு எண் போட்டு, படம் 1 எதைக் காட்டுகிறது, படம் 2 எதைக் காட்டுகிறது என்று ஒவ்வொரு வரி. கடைசியில் டிக்கெட்டை ரத்து செய்யக் கேளுங்கள். கோபம், கெஞ்சல், வரி கட்டும் பெருமை எதுவும் வேண்டாம். எளிய ஆங்கிலம் போதும். இலக்கணப் பிழைக்காக யாரும் நிராகரிப்பதில்லை.

இணையதளம் வழியாக அனுப்புவதே நல்லது. அனுப்பியதும் திரையில் வரும் ஒப்புகையைப் படமெடுத்து வையுங்கள். நாள் கணக்கில் தகராறு வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

நிராகரித்துவிட்டார்கள். கதை முடிந்ததா?

இல்லை, இனிமேல்தான் முறையான கட்டமே தொடங்குகிறது. முதல் கடிதத்துக்கு வரும் நிராகரிப்பு முறைசாராத பதில்தான். நீங்கள் கட்டாமல் இருந்தால், பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்கு நோட்டீஸ் டு ஓனர் என்ற கடிதம் வரும். அது கையில் சேர்ந்ததிலிருந்து 28 நாளுக்குள் முறையான மறுப்பை அனுப்ப வேண்டும். "ஏற்கெனவே எழுதியிருக்கிறேனே" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். மறுபடி எழுதியாக வேண்டும். முதல் பதிலில் கவுன்சில் சொன்ன காரணத்துக்கு இங்கே பதில் சொல்லுங்கள்.

இந்த மறுப்புக்குக் கவுன்சில் 56 நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் உங்கள் மறுப்பை ஏற்றுக்கொண்டதாகவே சட்டப்படி பொருள். டிக்கெட் ரத்தாக வேண்டும். நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

கார் என் பெயரில் இருக்கிறது. ஓட்டியது தம்பி. யார் பொறுப்பு?

நீங்கள்தான். கவுன்சில் டிக்கெட்டுக்கு உரிமையாளரே பொறுப்பு. தம்பியிடம் பணம் வாங்கிக்கொள்வது உங்கள் வீட்டு விஷயம்.

தீர்ப்பாயத்துக்குப் போக வக்கீல் வேண்டுமா? தோற்றால் செலவு ஏறுமா?

வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. முறையான மறுப்பும் நிராகரிக்கப்பட்டால், அந்த நிராகரிப்புக் கடிதத்தோடு மேல்முறையீடு செய்யும் வழியும் வரும். 28 நாளுக்குள் அனுப்ப வேண்டும். லண்டன் டிக்கெட் என்றால் லண்டன் ட்ரைப்யூனல்ஸ், மற்ற ஊர் என்றால் டிராஃபிக் பெனால்டி ட்ரைப்யூனல். அங்கே முடிவு செய்பவர் கவுன்சில் ஊழியர் அல்ல. சட்டம் படித்த, சுதந்திரமான அட்ஜுடிகேட்டர். கவுன்சில் தன் ஆதாரங்களை எல்லாம் முன்வைக்க வேண்டும், அவற்றின் நகல் உங்களுக்கும் வரும். சில நேரம் இந்த வேலையைச் செய்ய விரும்பாமல் கவுன்சிலே வழக்கை விட்டுவிடுகிறது.

தோற்றால் முழுத் தொகையும் கட்ட வேண்டும். பாதித்தொகைச் சலுகை போய்விடும். இங்கே நிதானமாக யோசிக்க வேண்டியது இது ஒன்றைத்தான். வீண் வம்புக்காக வழக்கு நடத்தினால் தவிர, கவுன்சிலின் செலவை உங்கள் தலையில் கட்ட மாட்டார்கள்.

காகிதங்களை வைத்தே முடிவு செய்யச் சொல்லலாம், அல்லது தொலைபேசியிலோ வீடியோவிலோ நீங்களே பேசலாம். உங்கள் சொல்லை நம்புவதா என்பதுதான் கேள்வி என்றால், உதாரணமாக அம்மாவை இறக்கிவிட்ட விஷயம் என்றால், பேசுவதையே நான் சொல்வேன். முகம் பார்த்துக் கேட்கும்போது நேர்மை தெரியும். உங்களுக்காகப் பேச மகளையோ நண்பரையோ அழைத்துக்கொள்ளவும் முடியும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அனுதாபத்துக்காக மட்டும் அட்ஜுடிகேட்டர் டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது. கட்டாயச் சூழ்நிலை என்று அவர் கருதினால், மறுபரிசீலனை செய்யும்படி கவுன்சிலுக்குத் திருப்பி அனுப்புவார்.

எந்தக் கடிதமும் வரவில்லை. திடீரென்று கடன் வசூலிக்கும் பெய்லிஃப் வந்து நிற்கிறார். என்ன செய்வது?

பெரும்பாலும் வீடு மாறி, காரின் வி5சி பதிவில் முகவரியை மாற்றாததால் வருவது இது. ஓட்டுநர் உரிமத்தில் மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டுநர், வாகனப் பதிவுகளை வைத்திருக்கும் டி.வி.எல்.ஏ.வில் இரண்டும் தனித்தனிப் பதிவுகள்.

கடிதங்களுக்குப் பதில் போகாவிட்டால் சார்ஜ் சர்டிபிகேட் வந்து தொகை 50 சதவீதம் கூடும். அப்புறம் கவுன்சில் நார்த்தாம்ப்டனில் உள்ள டிராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டரில் கடனைப் பதிவு செய்யும். பிறகு, கடனைக் கட்டச் சொல்லும் ஆர்டர் ஃபார் ரெக்கவரி வரும். அதன் பிறகுதான் பெய்லிஃப்.

இந்தக் கட்டத்தில் நிரப்ப வேண்டியது டி.இ.9 படிவம். நோட்டீஸ் டு ஓனர் வரவில்லை, மறுப்பு அனுப்பியும் பதில் இல்லை, மேல்முறையீடு செய்தும் பதில் இல்லை, ஏற்கெனவே கட்டிவிட்டேன்: இவற்றில் உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். பொய் சொன்னால் தண்டனை உண்டு. கெடு தாண்டியிருந்தால் டி.இ.7-ஐயும் சேர்த்து அனுப்பி, ஏன் தாமதம் என்று விளக்க வேண்டும். ஏற்கப்பட்டால் வழக்கு முந்தைய கட்டத்துக்குத் திரும்பும். டிக்கெட் தானாக ரத்தாகிவிடாது. பெய்லிஃபைப் பார்த்துப் பதறிக் கதவைத் திறக்க வேண்டியதில்லை. அன்றே சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளுங்கள், இலவசமாக உதவுவார்கள்.

டிக்கெட் கண்ணாடியில் இல்லை, தபாலில் வந்தது. அது செல்லுமா?

வார்டன் எழுதிக்கொண்டிருக்கும்போதே வண்டியை எடுத்துவிட்டாலோ, அவரை யாராவது தடுத்தாலோ தபாலில் அனுப்பலாம். கேமராவை வைத்துப் பார்க்கிங் டிக்கெட் அனுப்புவது பஸ் நிறுத்தம், பஸ் பாதை, பள்ளிக்கூட வாசல், சிவப்புக் கோட்டுச் சாலை போன்ற சில இடங்களுக்கே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. தபாலில் வரும் டிக்கெட்டே நோட்டீஸ் டு ஓனராகவும் கணக்கிடப்படும். ஆகவே முறைசாராத முதல் கட்டம் இதில் இல்லை, 28 நாளுக்குள் நேரே முறையான மறுப்புதான். கேமரா டிக்கெட் என்றால் பாதித்தொகைக்கு 14 நாளுக்குப் பதில் 21 நாள்.

காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கட்டாமல் எதிர்க்க முடியுமா?

காரை மீட்க முதலில் கட்டத்தான் வேண்டும். தாமதித்தால் நாள் வாடகையும் ஏறும். இங்கே மட்டும் கட்டியது உங்கள் உரிமையைப் பறிக்காது. காரை எடுக்கும்போது தரும் தாளில் முறையிடும் வழி இருக்கும். 28 நாளுக்குள் எழுதுங்கள். வென்றால் டிக்கெட் பணத்தோடு இழுவைக் கட்டணமும் திரும்ப வரும்.

இதனால் லைசென்ஸில் புள்ளி விழுமா?

விழாது. கவுன்சில் பார்க்கிங் டிக்கெட் குற்றவியல் விஷயம் அல்ல. போலீஸ் கொடுக்கும் ஃபிக்ஸ்ட் பெனால்டி நோட்டீஸ் வேறு. பாதசாரிகள் கடக்கும் இடத்தின் வளைகோட்டில் நிறுத்தியதற்குப் போலீஸ் எழுதினால் 3 புள்ளி விழலாம். அந்தத் தாளுக்கு மேலே சொன்ன வழிகள் எதுவும் பொருந்தாது. அதில் அச்சிட்டிருக்கும் வழியில்தான் போக வேண்டும்.